மக்டலீனுக்குப் பிணை நின்றவர்

தங்கம் தேடப் போகிறவர்களுக்கு லைசென்ஸ் எழுதிக் கொடுக்கும் வேலை தனக்குக் கிடைத்திருக்கிறது என்று மக்டலீன் சொன்னபோது ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒருவரும் நம்பவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே நின்றவர்கள் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். கனடாவில் தங்கமா, அதைத் தோண்ட அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கிறதா, அந்த லைசென்ஸை யாழ்ப்பாணத்துப் பாஷையூர் மக்டலீன் எழுதுகிறாளா? காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஆனால் அது உண்மைதான். 1996ஆம் ஆண்டு கோடையில் ஒன்ராறியோவின் வடக்கே, வரைபடத்தில் பெயர்கூடப் போடாத ஓர் ஏரிக்கரையில், யாரோ துளை போட்டுப் பார்த்ததில் தங்கம் தட்டுப்பட்டது என்று பத்திரிகையில் வந்தது. அவ்வளவுதான், ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. காட்டுக்குள் போய் நான்கு மூலையிலும் மரக்கட்டை நட்டு, தகரத் துண்டு அடித்து, இந்த இடம் என்னுடையது என்று பதிந்துகொள்ளலாம். ஆனால் லைசென்ஸ் கையில் உள்ளவன்தான் கட்டை நடலாம். ஆகவே ரொறன்ரோவில் லைசென்ஸ் கொடுக்கும் அரசாங்கக் கவுன்ரரில் சனம் முட்டி மோதியது. விலைச்சீட்டைக் கழற்றாத கோடரியோடு ஒரு பல் வைத்தியர் வந்தார். இன்னும் கிடைக்காத தங்கத்தைப் பங்கு பிரிப்பதில் அண்ணனும் தம்பியும் வரிசையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக ஆள் எடுத்தார்கள், ஆறு மாதக் கொந்தராத்தில். அப்படி எடுபட்டவள்தான் மக்டலீன்.

வேலை கடினமில்லை. வயது சரியா, அடையாள அட்டை இருக்கிறதா, படிவத்தில் கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரை அட்டையில் பதிந்து முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை. ஏன் போகிறாய், எப்போது திரும்பி வருவாய் என்று இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. முப்பத்தைந்து வயதுவரைக்கும் கவுன்ரருக்கு வெளியே நின்று கெஞ்சியே பழகியவளுக்கு, உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்துவது ஆரம்பத்தில் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அதைத் தப்பென்று சொல்ல முடியுமா?

ஒக்ரோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். வரிசையில் ஏழாவது ஆளாக நின்றவனைப் பார்த்ததும் மக்டலீனின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றுவிட்டது.

முப்பது, முப்பத்திரண்டு வயது. பழைய பச்சை ஜக்கற். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு. அந்தத் தழும்பை நான்கு வருடத்துக்கு முன் ஒரு முழுக் காலைப் பொழுது அவள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள், கண்ணைப் பார்க்கப் பயந்து.

யாழ்ப்பாணம் அப்போது ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது; அவர்கள் எழுதிக் கொடுக்கும் பாஸ் இல்லாமல் ஒருவரும் வெளியே போக முடியாது. கொழும்புக்குப் போவதென்றால் காரணம் எழுத வேண்டும், திரும்பி வரும் திகதி எழுத வேண்டும், கடைசியில் பிணைக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது எந்தப் படிவத்திலும் எழுதப்பட்டிருக்காது. எழுதாமல் விட்டதுதான் எல்லாரையும் நடுங்கவைத்தது.

மக்டலீனுக்குப் பிணை நிற்கச் சொந்தத்தில் ஒருவரும் முன்வரவில்லை. தாய்மாமன் வீட்டுக்குள் இருந்துகொண்டே ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினார். புருசன் கனடாவில் இருக்கிறான், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறவள் திரும்பி வருவாளா என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் இரண்டு வீடு தள்ளி இருந்த அமிர்தநாதர் வந்தார். ஓய்வுபெற்ற உப தபாலதிபர். மனைவி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. மக்டலீனின் மகள் தனுசியாவுக்குக் காதில் சீழ் வடிந்து, பிள்ளை இரவு பகலாக அழுத சத்தம் அவருடைய வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. “பிள்ளையின்ரை காதைக் காட்டிப்போட்டுக் கெதியா வா,” என்று மட்டும் சொன்னார். பாஸ் அலுவலகத்தில் தன் பேனாவாலேயே கையெழுத்து வைத்தார். மேசைக்குப் பின்னால் இருந்த புருவத் தழும்புக்காரன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, இவ வராட்டில் நாங்கள் உங்களிட்டைத்தான் வருவம்,” என்றான். அமிர்தநாதர் தலையாட்டினார். மக்டலீனும் தலையாட்டினாள்.

இருபத்தொரு நாள் பாஸ். நாற்பதாவது நாள் அவள் ரொறன்ரோவில் இறங்கினாள்.

அடுத்த வருடம் ஸ்காபறோவில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெண் போகிற போக்கில் சொன்னாள்: “உங்கடை பக்கத்துத் தபாற்கந்தோர்க் கிழவனை வந்து ஏத்திக்கொண்டு போனவங்கள் எல்லே.” பிறகு என்ன நடந்தது என்று மக்டலீன் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊர்க்காரர் யாரைக் கண்டாலும் இவள் விலகிப்போனாள். ஒரு கடிதம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்கு வருடத்தில் அந்த ஒரு கடிதம் அவளால் எழுத முடியவில்லை. கோழை என்று சொல்லலாம். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஒவ்வொரு ஒக்ரோபரிலும் கோயிலில் ஓர் உறை கொடுப்பார்கள். நவம்பரில் இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் பூசையில் வாசிக்க வேண்டிய பெயர்களை எழுதி உள்ளே வைக்க வேண்டும். அப்பா, அம்மா, அண்ணன் என்று எழுதிக்கொண்டு வருவாள்; பிறகு பேனா நின்றுவிடும். அமிர்தநாதரின் பெயரை எழுதினால், உயிரோடு இருக்கும் மனிதரைத் தன் கையாலேயே சாகடித்தது போலாகிவிடும். எழுதாமல் விட்டால், செத்துப்போயிருந்தால், அவருக்காகச் செபிக்க உலகத்தில் ஒரு நாதியும் இல்லை. எழுதுவதா விடுவதா என்று இந்த வருடத்து உறையும் சமையலறை மேசையில் திறந்தபடி கிடந்தது.

வரிசை நகர்ந்தது. ஐந்து, நான்கு, மூன்று. எழும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். மேற்பார்வையாளர் பின்னால் நின்றார். கொந்தராத்து முடிய இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது; அதை நீட்டுவதும் விடுவதும் அவர் கையில்.

அவன் வந்து படிவத்தை நீட்டினான். பெயர்: செபமாலை பஸ்ரியன். அகதி வழக்கு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் வேலை அனுமதிப் பத்திரமும் கூட இருந்தது. இத்தனை வருடத்தில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அங்கே அவன் வெறும் பொறுப்பாளர்.

மக்டலீன் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். வயது, முகவரி, இங்கே கையெழுத்து. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. அவன் அவளுடைய சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தான். பிறகு முகத்தைப் படித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். எழுதிய எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

“அக்கா யாழ்ப்பாணமோ?” என்றான் மெதுவாக.

அவள் அடையாள அட்டையின் இலக்கத்தைப் படிவத்தில் எழுதினாள்.

“பாஸ் எடுத்தோ வந்தனீங்கள்?”

முத்திரை கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. அதற்கு மேல் பதில் தேவையா? அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான். அங்கே அவளை ‘நீர்’ என்றவன் இங்கே ‘நீங்கள்’ என்றான்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. உங்களை விட நான்தான் பயந்துபோய் நிக்கிறன். உங்களுக்குப் பிணை நிண்ட மனுசன்...” என்று சொல்லி நிறுத்தினான்.

“அமிர்தநாதர் ஐயா உயிரோடை இருக்கிறாரோ?”

வாய் தவறி வந்துவிட்டது. நான்கு வருடம் தொண்டையில் கிடந்த கேள்வி, கேட்கக் கூடாத ஆளிடம் போய் விழுந்தது.

பஸ்ரியன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அமிர்தநாதர்,” என்று திருப்பிச் சொன்னான். “ஓம். அது பெரிய கதை. மத்தியானம் கீழை கோப்பிக் கடைக்கு வாங்கோ.”

அவள் லைசென்ஸில் முத்திரை குத்திக் கொடுத்தாள். எல்லாம் சரியாக இருந்தது; கொடுக்காமல் விடச் சட்டத்தில் இடமில்லை.

கோப்பிக் கடையில் அவன் சுவரோரம், கதவைப் பார்த்தபடி இருந்தான். அவள் கோப்பி வாங்கவில்லை.

“அவர் எங்கை?”

“முதல் என்ரை அலுவலைக் கேளுங்கோ அக்கா.”

அலுவல் இதுதான். நவம்பர் பதினான்காம் திகதி அவனுடைய அகதி வழக்கு. அவன் இயக்கத்தில் இருந்தவன் என்று யாரோ மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது நிரூபணமானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அவன் சாதாரண ரியூசன் மாஸ்ரர், இயக்கத்தோடு ஒரு தொடர்பும் இல்லாதவன், எனக்கு ஊரிலேயே தெரியும் என்று ஒருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் தப்பலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அதைக் கொடுப்பவர் நல்ல உத்தியோகத்தில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

“நான் ஒருத்தரையும் சுடேல்லை அக்கா. பத்தொன்பது வயசிலை போனனான். காலிலை காயம் பட்டாப் பிறகு மேசையிலை இருத்தினவங்கள். முத்திரைதான் குத்தினனான். நீங்கள் குத்திற மாதிரி.”

அவன் நெற்றி வியர்த்திருந்தது. கடையில் அப்படியொன்றும் வெக்கை இல்லை. அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு இப்படி வியர்க்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மனம் இளகுகிறதோ என்று தன்னையே பயந்து பார்த்தாள்.

“அமிர்தநாதர் ஐயாவைப் பற்றிச் சொல்லும்.”

“கடதாசி முடியட்டும், எல்லாம் சொல்லுறன்.”

அவன் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழும்பி நடந்திருப்பாள், அல்லது வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். அவளுடைய அகதி வழக்கில், பாஸ் இல்லாமல் கிளாலிக் கடலால் களவாகத் தப்பி வந்தேன் என்றுதான் எழுதியிருந்தது. கேஸ் எழுதிக் கொடுத்தவர் அப்படி எழுதினால்தான் எடுபடும் என்றார். அது பொய் என்று சாட்சி சொல்லக்கூடிய மனிதன் எதிரே உட்கார்ந்து சீனிப் பைக்கற்றை உருட்டிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே அவளை எழும்ப விடவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த புருசன் அகஸ்ரினிடம் சொன்னாள். அவன் பாண் சுடும் பக்டரியில் இரண்டாவது சிப்ற். தலைக்கு வலைத்தொப்பி போட்டபடியே கேட்டான்.

“உந்த ஆளைக் காணவே இல்லையெண்டு இரு,” என்றான்.

“கண்டிட்டனே.”

“மக்டலீன், விசர்க்கதை கதையாதை. பொய்ச் சத்தியம் பண்ணிப் பிடிபட்டா எங்கடை சிற்றிசனும் போச்சு, உன்ரை வேலையும் போச்சு. பிள்ளையை எங்கை கொண்டுபோறது? சரி, அவன் சொல்லுறான் எண்டு வை. கிழவன் செத்திருந்தா என்ன செய்வாய்? இருந்தா என்ன செய்வாய்?”

உள்ளே தனுசியா தொலைக்காட்சியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். காது இப்போது நன்றாகக் கேட்கிறது. எதற்காக வெளிக்கிட்டோமோ அது நடந்துவிட்டது, அதற்கு ஒரு மனிதர் விலை கொடுத்திருக்கிறார், எவ்வளவு விலை என்று தெரியாமல் எத்தனை நாள் சோறு தின்பது?

புதன் முழுக்க யோசித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் பஸ்ரியன் சொல்லிவைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்; வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த சத்தியக் கடதாசியோடு அவன் நின்றான்.

அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்திக் கொடுக்கும் ஒரு நொத்தாரிசு இருந்தார். மேல்மாடி, ஒடுக்கமான படி. நொத்தாரிசு காதுக்கும் தோளுக்கும் இடையில் தொலைபேசியைச் செருகியபடி வேறு யாருடனோ வீட்டு விற்பனை பேசிக்கொண்டிருந்தார். கடதாசியை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வேதப்புத்தகத்தைத் தள்ளிவிட்டார். மக்டலீன் அதன் மேல் கையை வைத்தாள். உள்ளங்கை ஈரம் தோல் மட்டையில் ஒட்டியது. இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று சொன்னாள். பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி, வேலை செய்யும் அலுவலகம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். எத்தனையோ பேருடைய கையெழுத்தைச் சரிபார்த்தவளுக்குத் தன் கையெழுத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

பஸ்ரியன் கடதாசியை மடித்து ஜக்கற்றின் உள்பையில் வைத்தான். படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். குளிர்காற்று வீசியது. அவள் கோட்டின் பொத்தானைப் பூட்டவும் மறந்து நின்றாள்.

“சொல்லும்.”

“நல்ல மனுசன் அக்கா.” அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினான். “கொஞ்ச நாள் வைச்சிருந்தவை. பேந்து விட்டவை.”

“எந்த மாதம் விட்டவை?”

“மாதம் ஞாபகம் இல்லை.”

“என்ன சொன்னவர்? என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

“கோவிக்கேல்லை. ஒண்டும் கோவிக்கேல்லை.”

“அவர் எப்பிடி இருந்தவர் எண்டு சொல்லும். ஆளைச் சொல்லும். நெட்டையோ, கட்டையோ?”

பஸ்ரியன் வாயைத் திறந்தான், மூடினான். ட்ராம் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

“அக்கா, உங்களுக்கு இன்னும் பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. வேதப்புத்தகத்திலை கை வைச்சிட்டு நிக்கிறியள். எனக்கு அந்த மனுசனைத் தெரியாது.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“பேரைச் சொன்னதே நீங்கள்தானே. உங்களையும் எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது சனம் வரும் அக்கா. ஆரையெண்டு நினைவு வைச்சிருக்கிறது? இஞ்சை என்ரை முகத்தைக் கண்டு வெருளுற ஆக்கள் பாஸ் எடுத்து வந்த ஆக்கள்தான். பாஸ் எடுத்தா ஆரோ ஒராள் பிணை நிண்டிருக்கும்தானே.”

“வராத ஆக்களின்ரை பிணையை என்ன செய்தனீங்கள்?”

“அது வேறை பகுதி. திகதி முடிஞ்சவையின்ரை பிணைப் பேரை லிஸ்ற் எழுதி அனுப்பிறதோடை என்ரை வேலை சரி.”

அப்படியானால் எழுதியவன் இவன்தான். அமிர்தநாதர் என்ற பெயரை ஒரு தாளில், வேறு பெயர்களுக்கு நடுவில், எழுதி அனுப்பியவன். எழுதியதே நினைவில்லாதவன். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கை எழும்பவில்லை. அந்த லிஸ்ற்றில் பெயர் வரச் செய்தவள் இவள் அல்லவா?

“என்ரை கடதாசியைத் தாரும்,” என்றாள்.

அவன் ஓரடி பின்னால் வைத்தான். பயம் அவனுடைய முகத்திலும் பச்சையாகத் தெரிந்தது. “ஏலாது அக்கா. இது போனா என்ரை உயிர் போச்சு. சனிக்கிழமை ஒரு வான் பிடிச்சு வடக்கை போறன், கட்டை நடுற வேலை. வழக்குக்கு முதல் நாள் வந்திடுவன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது.”

சொல்லிவிட்டுச் சனத்துக்குள் நுழைந்து போய்விட்டான். கூப்பிட்டுக் கத்தலாமா என்று நினைத்தாள். என்ன சொல்லிக் கத்துவது?

நவம்பர் பதினான்காம் திகதி வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்து அவளுடைய கவுன்ரருக்கே தொலைபேசி வந்தது. பஸ்ரியன் வழக்குக்கு வரவில்லை, எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றாள். வடக்கே அவனைக் கூட்டிப் போனவர்களுக்கும் தெரியவில்லை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒரு காலையில் ஆள் மறைந்துவிட்டானாம். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம், காட்டிலேயே இருக்கலாம். அவன் கொடுத்த முகவரி ஒன்றும் சரியில்லை. பைலில் உண்மையான முகவரி உள்ள ஆள் ஒருத்திதான்.

இரண்டாவது கிழமை அரசாங்கக் கடிதம் வந்தது. நீங்கள் கொடுத்த சத்தியக் கடதாசி சம்பந்தமாகச் சில கேள்விகள் இருக்கின்றன, டிசம்பர் மூன்றாம் திகதி காலை ஒன்பதரைக்கு வரவும். மக்டலீன் அந்தக் கடிதத்தை நின்றபடி வாசித்தாள். பிறகு உட்கார்ந்து வாசித்தாள். அன்றிலிருந்து கதவு தட்டினால் யார் என்று கேட்காமல் அவள் திறக்கவில்லை. பாதைக்கு எதிரே ஒரு கார் கொஞ்ச நேரம் நின்றால் திரைச்சீலையை ஒதுக்கிப் பார்த்தாள். தனுசியா ஏதாவது கேட்டால் இரண்டாம் தரம்தான் காதில் விழுந்தது.

ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது சட்டென்று நினைத்தாள்: இப்படித்தானே இருந்திருக்கும். இருபத்தோராம் நாள் அமிர்தநாதர் வாசல் படலை திறக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார். இருபத்திரண்டாம் நாள், அவள் வருவாளோ என்று பார்த்ததை விட்டுவிட்டு அவர்கள் வருகிறார்களோ என்று பார்த்திருப்பார். தனிய, அந்த வீட்டில், சொல்லி அழவும் ஆளில்லாமல். நான்கு வருடமாக அவர் செத்தாரா பிழைத்தாரா என்றுதான் இவள் யோசித்தாள். அவர் பயந்திருப்பார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவி ஒரு ரிஸ்யூவை நீட்டினாள்.

அகஸ்ரின் வழி சொல்லிக் கொடுத்தான். “ஒண்டுக்கும் பயப்பிடாதை. ரியூசன் மாஸ்ரர் எண்டுதான் எனக்குத் தெரியும், அதுக்கு மேலை ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு. ஏமாத்திப்போட்டான் எண்டு விட்டிடுவாங்கள். தலை தப்பும்.”

தப்பும்தான். அவன் சொன்னதில் பிழையே இல்லை.

டிசம்பர் மூன்றாம் திகதி அவள் ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தாள். கூட வருகிறேன் என்ற அகஸ்ரினை வேண்டாம் என்றுவிட்டாள். சின்ன அறை, சாம்பல் நிற மேசை. எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி.

அதிகாரி சத்தியக் கடதாசியை எடுத்து வைத்தாள். பஸ்ரியனை உங்களுக்கு எப்படித் தெரியும், எங்கே முதலில் சந்தித்தீர்கள் என்று கேட்டாள்.

ரியூசன் மாஸ்ரர் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழகிப் பழகி வந்த சொல். அதைச் சொன்னால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம்.

“பாஸ் அலுவலகத்தில்,” என்றாள். “நான் யாழ்ப்பாணத்திலிருந்து பாஸ் எடுத்து வந்தேன். அந்தப் பாஸை அவர்தான் தந்தார்.”

அதிகாரி நிமிர்ந்தாள். மக்டலீனின் அகதி வழக்குப் பைலும் அந்த மேசையில்தான் இருந்தது. அதைத் திறந்து ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து விரலை வைத்தாள். நீங்கள் இங்கே வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள், இப்போது சொல்வது உங்களுடைய வதிவிட அனுமதியையும் பாதிக்கலாம், விளங்குகிறதா? வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டுமானால் இப்போதே நிறுத்தலாம்.

விளங்குகிறது என்றாள் மக்டலீன். நிறுத்தினால் இன்னொரு நாள் தனக்கு இந்த வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். நிறுத்த வேண்டாம் என்றாள்.

அப்படியானால் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள், என்றாள் அதிகாரி. இதில் சம்பந்தப்பட்டவர்களின் முழுப்பெயரை முதலில் சொல்லுங்கள்.

மக்டலீன் பஸ்ரியனின் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரையும் சொல்லவில்லை.

“அமிர்தநாதர்,” என்றாள். “பாஷையூர். ஓய்வுபெற்ற உப தபாலதிபர். 1992ஆம் ஆண்டு எனக்காகப் பிணை நின்றவர்.”

அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று அதிகாரி கேட்டாள். மக்டலீன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அதிகாரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

“இவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா?”

“எனக்குத் தெரியாது,” என்றாள் மக்டலீன். “நான் இவ்வளவு காலமும் ஊர்க்காரர் ஒருவரிடமும் கேட்கவில்லை.”